உத்தியோகமும் ஊதியமும்

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்தார் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. கோறணமேந்து என்றது அரசாங்கத்தை. இப்பழமொழியைக் கேட்டு இக்கால இளைஞர் நகைப்பதுண்டு. ஆயினும், அது தோன்றிய காலத்தையும் இடத்தையும் நோக்குவோர் அதனை எளிதில் தள்ளிவிடார். ஆறில்லாத ஊர், கிணற்றை நம்பிய தோட்டம், பிள்ளைகளுக்குப் பங்கிடுந்தோறும் குறுகிவரும் காணி. இவற்றை மட்டும் நம்பி வாழ்தல் அரிதாயிருந்த குடாநாட்டிலே, ஆங்கிலக் கல்வி ஒரு புதிய வாயிலைத் திறந்தது. கொழும்புக் கந்தோர்களிலும், புகையிரதப் பகுதியிலும், கடல் கடந்து மலாயாவிலும் நம்மவர் எழுதுவினைஞராகவும் நில அளவையாளராகவும் நிலைய அதிபராகவும் அமர்ந்தனர். மாதந்தோறும் காசுக்கட்டளை ஊருக்கு வந்தது. இளைப்பாறிய பின் ஓய்வூதியம் வந்தது. மலாயாவில் உழைத்து மீண்டோர் கட்டிய கல்வீடுகள் பல இன்றும் நம் ஊர்களில் நிற்கின்றன. மழை பொய்த்தாலும் மாதம் பொய்யாது என்ற நம்பிக்கையே அப்பழமொழியின் பொருள்.

பின்னர்க் காலம் மாறியது. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் நம் இளைஞருக்கு அவ்வாயிலை ஒடுக்கியது. பெருமைக்குரியதாக எண்ணப்பட்ட சிவில் சேவை 1963ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி ஒழிக்கப்பட்டு, அதனிடத்தில் நிர்வாக சேவை அமைக்கப்பட்டது. 1970களில் வந்த தரப்படுத்தல் பல்கலைக்கழக வாயிலையும் ஒடுக்கியது. 1983 முதல் 2009 வரை நடந்த போர், ஊரையும் உத்தியோகத்தையும் ஒருங்கே கலைத்தது. இத்தனை மாற்றத்தின் பின்னும் பழமொழி மட்டும் மாறாமல் நிற்கின்றது. அது இன்றும் பொருந்துமா, பொருந்தாதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது ஒரு மாணவனின் வினா. கல்லூரி மண்டபத்தில் உயர்தர மாணவர்க்கென நிகழ்ந்த தொழில்வழிகாட்டல் கூட்டமொன்றில் பழைய மாணவர் சிலருடன் யாமும் இருந்தோம். ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, எந்த வேலைக்குச் சம்பளம் கூட?" என்று கேட்டான். சபை சிரித்தது, யாமும் சிரித்தோம். கூட்டம் முடிந்தபின் அவன் தந்தையார் எம்மை அணுகினார். மூத்த மகன் பட்டதாரியென்றும், தனியார் நிறுவனமொன்று 50,000 ரூபா வேதனத்தில் அவனை அழைத்திருக்கின்றதென்றும், "பென்சன் இல்லாத வேலை எதற்கு, அரசாங்க நியமனம் வரும்வரை இரு" என்று தாம் கூறிவிட்டதாகவும் சொன்னார். "நான் சொன்னது சரிதானே, மாஸ்ரர்?" என்று கேட்டார். "யோசித்துச் செய்யுங்கள்" என்றொரு சொல்லால் யாம் தப்பிக்கொண்டோம். அது விடையன்று. தந்தைக்கும் தம்பிக்கும் அன்று கொடுக்கத் தவறிய விடையை இவ்விழா மலரிலே கொடுக்க முயல்கின்றோம்.

சம்பளம் என்பது யாது?

இரண்டு உத்தியோகங்களை ஒப்பிடுவோர் பெரும்பாலும் மாதச் சம்பளத் தொகையை மட்டும் ஒப்பிடுகின்றனர். இது நெல்லைப் பதரோடு சேர்த்து அளப்பது போன்றது. சம்பளத்தாளிலே முதலிற் பார்க்க வேண்டியது அடிப்படைச் சம்பளம், அடுத்தது கொடுப்பனவுகள், அதனையடுத்துக் கழிவுகள். இவற்றின் வேறுபாடு எத்துணை முக்கியமானது என்பதற்கு அண்மைக்கால உதாரணமொன்று உண்டு. 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் அரசாங்க சேவையின் ஆகக்குறைந்த மாத அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக, படிப்படியாக வழங்கப்படும் முறையில், உயர்த்தப்பட்டது. உயர்வு 15,750 ரூபா. ஆயின், அதுவரை தனியே வழங்கப்பட்டுவந்த சில கொடுப்பனவுகள் அடிப்படைச் சம்பளத்துள் அடக்கப்பட்டமையால், தேறிய உயர்வு ஆகக்குறைந்தது 8,250 ரூபா என்றே சொல்லப்பட்டது. எஞ்சிய 7,500 ரூபா வெறும் ஏட்டுச் சுரைக்காயா? அன்று. ஓய்வூதியம் கணிக்கப்படுவது கொடுப்பனவைக் கொண்டன்று, சம்பளத்தைக் கொண்டே. இன்று கையில் வித்தியாசம் தெரியாவிடினும், இளைப்பாறும் நாளில் அது தெரியும்.

தனியார் துறையிலும் இதுவே நியாயம். சில இடங்களில் அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து, மேலதிக நேர வேதனத்தையும் ஊக்குவிப்புப் பணத்தையும் கூட்டி, மொத்தத்தைப் பெரிதாகக் காட்டுவர். மேலதிக நேர வேதனத்துக்குச் சேமலாப நிதி கட்டப்படுவதில்லை. ஆகவே மொத்தம் ஒன்றாயிருந்தாலும் எதிர்காலத்துக்குச் சேருவது ஒன்றாயிராது. நியமனக் கடிதத்தைக் கையில் வாங்கும் மாணாக்கன் முதலில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று வாசித்தறிதல் வேண்டும்.

அரசாங்க சேவையிற் சேர விரும்புவோர் சம்பள அளவுத்திட்டத்தை வாசிக்கவும் பழகவேண்டும். ஆரம்பச் சம்பளம், ஆண்டேற்றம், உச்சம் என்பன அதில் ஒரே வரியிற் காணப்படும். ஆண்டேற்றம் சிறிதாயின், ஆரம்பம் பெரிதாயிருந்தும் பத்தாண்டின் பின் பின்தங்க நேரும். இடையிலே வினைத்திறன்காண் தடைதாண்டற் பரீட்சைகளும் உண்டு. அவற்றை உரிய காலத்திற் சித்தியெய்தாதவருக்கு ஏற்றம் தடைப்படும். "அரசாங்கத்திற் சேர்ந்துவிட்டால் படிப்பு முடிந்தது" என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்க.

பின்னுக்கு வரும் பணம்

அரசாங்க ஊழியருக்கு ஓய்வூதியம் உண்டு. ஆனால் அது எல்லார்க்கும் எப்போதும் உண்டென்பதில்லை. நிரந்தரமான, ஓய்வூதியத்துக்குரிய பதவியில் குறைந்தது 10 ஆண்டுச் சேவை வேண்டும். ஊழியர் இறந்தபின் குடும்பத்தைக் காப்பதற்கு விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத் திட்டம் உண்டு. 1898ஆம் ஆண்டிலே கட்டளைச் சட்டமாக வந்த இத்திட்டத்துக்கு ஊழியர் தம் சம்பளத்திலிருந்து ஒரு பங்கைச் செலுத்துகின்றனர். பெண் ஊழியரின் கணவரும் பிள்ளைகளும் பயன்பெற 1983ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது.

தனியார் துறைக்கு மூன்று அரண்கள் உள. முதலாவது, 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதி. ஊழியர் 8 வீதமும் தொழில்கொள்வோர் 12 வீதமும் செலுத்த வேண்டும். இரண்டாவது, 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த ஊழியர் நம்பிக்கை நிதி. இதற்குத் தொழில்கொள்வோர் மட்டும் 3 வீதம் செலுத்துவர். ஊழியரிடம் கழித்தல் ஆகாது. மூன்றாவது, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த பணிக்கொடை. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 5 ஆண்டு நிறைவுசெய்த மாதச் சம்பளக்காரருக்கு, நிறைந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் கடைசிச் சம்பளத்தின் அரைமாதப் பங்கு கிடைக்கும். ஐந்தாண்டு நிறையச் சில வாரம் இருக்கையிலே கோபத்தில் வேலையை உதறிவிட்டுப் பணிக்கொடையை இழந்தவர்களை யாம் அறிவோம்.

இவற்றை ஒரு கணக்கால் விளக்குவோம். மாத வேதனம் 50,000 ரூபா எனக் கொள்க. ஊழியர் பங்கு 4,000 கழிந்து கைக்கு வருவது 46,000. தொழில்கொள்வோர் சேமலாப நிதிக்கு 6,000, நம்பிக்கை நிதிக்கு 1,500 செலுத்துகின்றனர். ஆகவே உண்மை ஊதியம் 57,500 ரூபா. சேமலாப நிதியிலே மாதம் 10,000, ஆண்டுக்கு 120,000 ரூபா சேர்கின்றது. சம்பளம் ஒருபோதும் உயராமல், ஆண்டுக்கு 8 வீத வட்டி 30 ஆண்டு இடையறாது சேர்ந்தால், அது ஏறக்குறைய 1 கோடியே 36 இலட்சம் ரூபாவாகும். பென்சன் இல்லாத வேலை என்று தந்தையார் தள்ளிய வேலையின் பின்னுள்ள தொகை இது.

ஆயின், மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். விலைவாசி ஆண்டுக்கு 6 வீதம் ஏறினால், 30 ஆண்டில் ஐந்தரை மடங்குக்கு மேலாகும். அப்போது அந்த 1 கோடியே 36 இலட்சம், இன்றைய பெறுமதியில் 24 இலட்சத்தைத் தாண்டாது. 2022ஆம் ஆண்டு நமக்குக் கற்பித்த பாடமும் இதுவே. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் 69.8 வீதம். ஓராண்டுக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கியதை வாங்க ஏறக்குறைய 170 ரூபா வேண்டியிருந்தது. மொத்தத் தொகையை வாங்கி வங்கியில் இட்டிருந்தவர் சில மாதங்களிலே தம் உழைப்பின் பெரும்பங்கு கரைவதைக் கண்டனர். ஓய்வூதியம் பெறுவோரும் துன்புற்றனர். எனினும், அரசாங்கம் கூட்டினால் கூடும் என்ற வழியாவது அவர்க்கு இருந்தது. அன்றியும், மொத்தத் தொகை ஒருநாள் தீரும். ஓய்வூதியம் உயிருள்ளவரை தீராது. மாதம் 30,000 ரூபாவை 8 வீத வட்டியால் மட்டும் பெற விரும்புவோர் 45 இலட்சம் ரூபாவை முதலாக வைத்திருக்க வேண்டும். தந்தையாரின் அச்சத்தில் இத்துணை நியாயம் உண்டு.

கட்டப்படாத எட்டு வீதம்

இங்கு எமது சொந்த அனுபவமொன்றைக் கூறவேண்டியிருக்கின்றது. 1970களின் பிற்பகுதியில் யாம் கொழும்பில் ஒரு தனியார் வணிக நிலையத்திலே கணக்கு எழுதினோம். மாதந்தோறும் சம்பளத்தாளில் சேமலாப நிதிக் கழிவு ஒழுங்காகக் காணப்பட்டது. மூன்றாண்டின் பின் அரசாங்க நியமனம் கிடைத்து விலகியபோது நிதியைக் கேட்டோம். எம்பெயரில் முதல் ஏழு மாதப் பணமே செலுத்தப்பட்டிருந்தது. எஞ்சியது கழிக்கப்பட்டதேயன்றிக் கட்டப்படவில்லை. கணக்கு எழுதுவதே தொழிலாயிருந்த யாம் எமது கணக்கை மட்டும் பார்த்தோமல்லோம்! முறையிடும் துணிவும் அன்று எமக்கு இருக்கவில்லை. இழந்ததை இழந்ததாகவே விட்டோம்.

இன்றைய மாணாக்கர் அவ்வாறு விடலாகாது. அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டுப் பெறுக. நிதிக் கணக்குக்கூற்றை ஆண்டுதோறும் பார்க்குக. குறையிருப்பின் தொழில் திணைக்களத்தில் எழுத்தில் முறையிடுக. பிந்திக் கட்டும் தொழில்கொள்வோருக்கு மேலதிகக் கட்டணம் விதிக்கவும் வழக்குத் தொடரவும் சட்டத்தில் இடமுண்டு. தனியார் துறையில் ஓய்வூதியத்துக்கு அரசாங்கம் காவல் இல்லை. தன் நிதிக்குத் தானே காவல்.

காசாகத் தோன்றாத சலுகைகள்

ஊதியத்தின் ஒரு பகுதி காசாகவே தோன்றாது. அரசாங்க ஊழியர்க்குப் புகையிரத ஆணைச்சீட்டு, இடர்க்கடன், 'அக்ரஹார' மருத்துவக் காப்புறுதி என்பன உண்டு, லீவும் தாராளம். தனியார் கடை, அலுவலக ஊழியருக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணிநேர வேலையும், ஓராண்டு சேவையின் பின் 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் சமயோசித லீவும் உண்டு. வங்கி ஊழியர்க்கோ சலுகை வட்டியிலே வீட்டுக்கடன் பெருஞ் செல்வம். 50 இலட்சம் ரூபாக் கடனுக்கு வெளியார் 12 வீதமும் ஊழியர் 5 வீதமும் கொடுப்பதாகக் கொண்டால், முதலாண்டில் மட்டும் வித்தியாசம் 350,000 ரூபா. இது மாதம் 29,000 ரூபாச் சம்பள உயர்வுக்குச் சமம். வீடு கட்டும் எண்ணமில்லாதவருக்கு இதே சலுகை ஒன்றுமில்லை. எனவே சலுகையின் விலை, பெறுவோரின் தேவையைப் பொறுத்தது.

இடத்தின் விலையும் இங்கே சேரும். கஷ்டப் பிரதேசத்துக்கு நியமிக்கப்படும் ஆசிரியர் இரண்டு அடுப்பு எரிக்கின்றார். கொழும்பில் 80,000 பெறுபவர் அறைவாடகையும் சாப்பாட்டுக் கடைக் காசும் பஸ் கட்டணமும் கழித்துப் பார்க்குமிடத்து, ஊரில் 50,000 பெற்று வீட்டுச் சோறு உண்பவரிலும் குறைவாக மிச்சம் பிடிப்பதுண்டு. கடல்கடந்த உத்தியோகத்துக்கும் இதே அளவுகோலைக் கொள்க. டொலரை ரூபாவாற் பெருக்கும் நம்மவர், அங்குள்ள வாடகையையும் வரியையும் காப்புறுதியையும் அவ்வாறே பெருக்குவதில்லை. அன்றியும், பெற்றோரின் முதுமைக் காலத்தில் அருகில் இல்லாதிருத்தலுக்கு எந்த அட்டவணையிலும் நிரல் கிடையாது. பிள்ளை அனுப்பும் பணம் வந்துகொண்டிருக்கும் வீடுகள் பலவற்றின் படலையைப் பகலிலும் திறப்பார் இல்லை.

ஆயத்தமும் காத்திருப்பும்

ஒப்பீட்டிலே பலரும் மறப்பது காலத்தை. வைத்தியராக விரும்புவோன் உயர்தரத்தின் பின் பல்கலைக்கழகத்தில் 5 ஆண்டும் உள்ளகப் பயிற்சியில் ஓராண்டும் செலவிடுவான். இடையிலே அனுமதிக்கும் நியமனத்துக்கும் காத்திருத்தல் வேறு. முதற் சம்பளம் வாங்கும்போது இருபத்தேழு வயதாகிவிடும். அதன்பின் வருமானம் உயர்ந்தே செல்லும். இரவுக் கடமையும் கூடவே செல்லும். கணக்காளராக விரும்புவோன் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் பரீட்சைகளைப் பயிற்சியோடு சேர்த்தே எழுதலாம். சிறிதாயினும் பயிற்சிக் காலத்திலேயே கையிற் காசு உண்டு. மின்னிணைப்பாளனோ, குழாய் பொருத்துனனோ, மேசனோ தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழோடு இருபது வயதில் உழைக்கத் தொடங்குகின்றான். அவன் நாட்கூலி பல எழுதுவினைஞரின் நாட்சம்பளத்தை விஞ்சும். ஆனால் மழைநாளிற் கூலியில்லை, வழுக்கி விழுந்தால் லீவில்லை, முதுமைக்கு நிதியில்லை. சுயதொழில் செய்வோர் சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டத்திலேனும் வங்கிச் சேமிப்பிலேனும் தம் 'சேமலாப நிதியை' இளமையிலேயே தாமே அமைத்தல் வேண்டும்.

இனித் தந்தையாரின் வினாவுக்கு வருவோம். நம் பட்டதாரிகள் அரசாங்க நியமனம் கோரி 2017ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலே மாதக்கணக்கில் வீதியோரத்தில் அமர்ந்திருந்தமை நினைவிருக்கும். 2020ஆம் ஆண்டில் நாடெங்கும் பட்டதாரிகள் பயிலுநராகச் சேர்க்கப்பட்டபோது அவர்க்கு வழங்கப்பட்டது மாதம் 20,000 ரூபா. மூத்த மகன் நியமனத்துக்காக நான்கு ஆண்டு காத்திருப்பதாகக் கொள்க. அந்த 48 மாதத்தில் அவன் இழக்கும் வேதனம் 24 இலட்சம் ரூபா. தொழில்கொள்வோர் பங்கும் நம்பிக்கை நிதியும் 360,000 ரூபா. ஆக 27 இலட்சத்து 60 ஆயிரம். இதனிலும் பெரிய இழப்பு மற்றொன்று. இருபத்தைந்து வயதிலே கற்க வேண்டிய தொழிற்பழக்கத்தை இருபத்தொன்பதிலே கற்கத் தொடங்குவான். வீட்டிலிருந்த நான்கு ஆண்டுக்கு எந்த நேர்முகத் தேர்விலும் காரணம் சொல்ல வேண்டிவரும்.

ஆதலின் எமது விடை இது: அரசாங்க உத்தியோகத்தை விரும்புதல் பிழையன்று, அதற்காக வெறுங்கையோடு காத்திருத்தலே பிழை. மகன் அந்த 50,000 ரூபா வேலையை ஏற்கட்டும். மாலையிலே போட்டிப் பரீட்சைக்குப் படிக்கட்டும்; சிங்களமும் ஆங்கிலமும் பழகட்டும். நியமனம் வந்தால், அன்று இரண்டையும் எதிரெதிரே வைத்து நிறுக்கட்டும். அவனுடைய சேமலாப நிதி அவனோடேயே இருக்கும், அனுபவமும் இருக்கும்.

நிறுக்கும் முறை

தாளொன்றை எடுத்து நடுவே கோடு கிழிக்குக. ஒவ்வோர் உத்தியோகத்துக்கும் ஆறு விடயங்களை எழுதுக: கழிவு போகக் கைக்கு வருவது, பின்னுக்குச் சேருவது, காசாகத் தோன்றாத சலுகை, இடத்தால் வரும் செலவு, ஆயத்தத்துக்கும் காத்திருப்புக்கும் செல்லும் ஆண்டு, வேலையின் உறுதி. இருபதாம் ஆண்டில் ஒவ்வொன்றும் எங்கே நிற்கும் என்பதையும் ஊகித்து எழுதுக. எழுதி முடித்தபின், அத்தொழிலைச் செய்யும் ஒருவரிடம் ஒரு முழுநாள் உடனிருந்து பார்க்குக. தொகை எல்லாம் சரியாயிருந்தும், அந்நாள் முடியும்போது மனம் களைத்துத் திரும்பின், அதுவும் அட்டவணையில் எழுதத்தக்க ஒரு கழிவே.

"எந்த வேலைக்குச் சம்பளம் கூட?" என்று கேட்ட தம்பிக்கு ஒரு சொல். அன்று உன் வினாவைக் கேட்டுச் சிரித்தது எம் பிழை. அது கேட்கத்தக்க வினாவே. உன்னைப் படிப்பித்த கல்லூரிக்கும் வளர்த்த பெற்றோருக்கும் நீ நாளை எவ்வாறு கைகொடுப்பாய் என்பது அந்த வினாவில் அடங்கியிருக்கின்றது. இளைப்பாற்றுச் சம்பளத்தில் வாழும் யாம் அப்பழமொழியின் பயனை அனுபவிக்கின்றோம். அதனைப் பழிக்க எமக்கு உரிமையில்லை. ஆயினும், கோழி மேய்க்குமுன் கோழி எத்தனை, கூலி எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கும்படி மட்டும் உனக்குச் சொல்லி அமைகின்றோம்.